சுருட்டுவதா, மடிப்பதா, தொங்கவிடுவதா? அடிக்கடி பயணம் போகிறவர்களின் நல்ல துணிகளுக்கு ஒரு ஒப்பீடு

மாதத்துக்கு இரண்டு முறையாவது பெட்டி கட்டுகிற யாரிடமாவது துணி அடுக்குவதைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள், உடனே கட்சி கட்டிவிடுவார்கள். சுருட்டினால்தான் கசங்காது என்பார் ஒருவர். சுருட்டுவதெல்லாம் டீ-ஷர்ட்டுக்குத்தான், சட்டைக்கு மடிப்புதான் லாயக்கு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் தோளில் தொங்கும் நீளமான கோட்டுப் பையைத் தட்டிக் காட்டுவார். மூன்று பேரும் அவரவர் துணிக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நம் பெட்டியில் மூன்று பேருடைய துணியும் இருக்கும்.

நான் இந்த மூன்று கட்சியிலும் இருந்து விலகியவன். வேலை அப்படி, ஊர் மாறிக்கொண்டே இருக்கும், அதில் பாதி நாள் கோட்டோ நல்ல சட்டையோ போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் எனக்கு இருந்த ஒரே பயம் கசங்கல். அடர் நீலத்தில் மெல்லிய கம்பளிக் கோட்டு ஒன்று வைத்திருந்தேன், எங்கே போய் இறங்கினாலும் முதல் வேலையாக அறையில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி அதைத் தேய்த்துவிடுவேன். இரண்டு வருடத்தில் அதன் காலர் மடிப்பும் பாக்கெட் விளிம்பும் எண்ணெய் தடவினதுபோல மினுங்க ஆரம்பித்தன. சலவைக் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது போகாது சார், நார் நசுங்கிப்போச்சு" என்றார். அந்தக் கோட்டு பெட்டியில் கசங்கியதால் கெடவில்லை, கசங்கலுக்குப் பயந்து நான் செய்த வேலையால் கெட்டது.

அதனால் இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசங்கல் எப்படியாவது போய்விடும், உராய்வும் சூடும் ஈரமும் செய்கிற சேதம் போகாது. வருடத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்வருகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. வருடத்துக்கு முப்பது பயணம் போகிறவருக்கு இதுதான் விஷயமே.

எதை வைத்து எடைபோடுவது

பை வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, போய் இறங்கி எத்தனை மணி நேரத்தில் அந்தத் துணியை உடுத்தப் போகிறீர்கள் என்பது. ராத்திரி போய்ச் சேர்ந்து மறுநாள் காலையில் உடுத்துவதென்றால் ஏறக்குறைய எந்த வழியும் பரவாயில்லை, இறங்கியதும் நேரே கூட்டத்துக்குப் போவதென்றால் பாதி வழிகள் அங்கேயே அடிபட்டுப்போகும்.

இரண்டாவது, துணி என்ன துணி. பருத்தி, லினன், ரேயான் மூன்றும் செல்லுலோஸ் ரகம். அந்த நாரின் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரமும் சூடும் பட்டால் தளரும், காய்ந்து ஆறும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். இஸ்திரி வேலை செய்வது இதனால்தான், வேர்த்த முதுகோடு காரில் சாய்ந்து உட்கார்ந்து வந்த சட்டை கசங்கியபடியே நிற்பதும் இதனால்தான். லேசாக ஈரம் இருக்கிற சட்டையைப் பெட்டியில் அழுத்தி மூடுகிறவர் கசங்கலுக்குத் தன் கையாலேயே இஸ்திரி போடுகிறார். கம்பளி வேறு ரகம். அந்த நாருக்கு இயற்கையிலேயே சுருள் உண்டு, வளைத்தால் நிமிரப் பார்க்கும், தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மேலுக்கு ஈரமே தெரியாமல் இருக்கும், அதனால் ஒரு ராத்திரி தொங்கினாலே பெரும்பாலான மடிப்பு தானாகப் போய்விடும். பாலியெஸ்டர் சுலபத்தில் கசங்காது, ஆனால் 70–80 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், அந்தச் சூட்டில் தப்பான இடத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பட்டும் கசங்கும்தான், ஆனால் அதற்குக் கசங்கலைவிடத் தண்ணீர்ச் சொட்டும் வேர்வையும் சென்ட்டும்தான் எமன்.

மூன்றாவது, பை உங்கள் கையிலேயே இருக்குமா, செக்-இன்னில் போகுமா. நான்காவது, வழியில் எத்தனை தடவை திறந்து மூடுவீர்கள், அதாவது ஒரே ஊரில் நான்கு நாளா, நான்கு நாளில் நான்கு ஊரா. கடைசியாக நான் மேலே சொன்னது, முப்பதாவது பயணத்தில் அந்தத் துணி எப்படி இருக்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு முதலில் அட்டவணை.

| வழி | கசங்கல் | தேய்மானம் | பிடிக்கும் இடம் | ஒன்றை மட்டும் எடுப்பது |
|---|---|---|---|---|
| மடித்து அடுக்குவது | மடிப்பில் கோடு விழும் | குறைவு | நடுத்தரம் | சுலபம் |
| சுருட்டுவது | கோடு இல்லை, சின்னச் சுருக்கம் நிறைய | குறைவு | குறைவு | மிகச் சுலபம் |
| ஒன்றைச் சுற்றி ஒன்று | மிகக் குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | முடியாது |
| கோட்டுப் பை | மிகக் குறைவு, பை கையில் இருக்கும்வரை | தோள்பட்டையில் கொஞ்சம் | அதிகம் | சுலபம் |
| காற்றை வெளியேற்றும் பை | மிக அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | சிரமம் |
| கசங்காத துணியாக வாங்குவது | குறைவு | துணியைப் பொறுத்தது | குறைவு | சுலபம் |

மடித்து அடுக்குவது

பழைய வழி, யாருக்கும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைப்போம், ஆனால் பெரும்பாலானவர்கள் அலமாரிக்கு மடிப்பதுபோலவே பெட்டிக்கும் மடிக்கிறார்கள், அங்கேதான் தப்பு. அலமாரியில் துணிமேல் எடை இல்லை, அது நகர்வதும் இல்லை. பெட்டியில் இரண்டும் உண்டு. நான்காக மடித்த சட்டையில் கோடு விழுவது மடித்ததால் மட்டும் இல்லை, அந்த மடிப்பின் வளைவு கூர்மையாக இருந்து மேலே எடையும் உட்காருவதால். வளைவை உருட்டிவிட்டால் கோடு மங்கிவிடும். மடிக்கும் இடத்தில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைப்பது இதற்குத்தான். பட்டுக்கும் ஜரிகை உள்ள துணிக்கும் அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பராகப் பார்த்து வாங்குங்கள், அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் மடிப்பு விழும் இடத்தை ஓரிரண்டு அங்குலம் மாற்றிவிடுங்கள். ஜரிகை இழை திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் மடிந்தால் அந்தக் கோட்டிலேயே ஒடியும்.

ட்ரை கிளீனிங்கிலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டும் உண்மை. வீட்டு அலமாரியில் அதோடு வைக்கக் கூடாது, உள்ளே ஈரம் அடைந்துகொள்ளும். பெட்டியில் ஒரு நாள் இரண்டு நாளுக்கு அது அருமையான சாமான், ஏனென்றால் வழுக்கும். துணியும் துணியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இழுபடுவதால்தான் பாதி கசங்கல் வருகிறது, நடுவில் வழுக்குகிற தாள் இருந்தால் இழுபடாமல் சறுக்கிவிடும்.

கோட்டை மடிப்பதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. இடது தோளை உள்ளிருந்து வெளியே புரட்டுங்கள், வலது தோளை அப்படியே அதற்குள் செருகுங்கள். லைனிங் வெளியே வந்துவிடும், மேல்துணி உள்ளே பத்திரமாகிவிடும், ஒரு தோள் இன்னொரு தோளுக்குத் தலையணை மாதிரி உட்காரும். அதற்குப் பிறகு குறுக்கே ஒரே ஒரு மடிப்பு, அந்த மடிப்புக்குள் ஒரு ஸ்வெட்டர். பேன்ட்டை முதலில் பெட்டியின் அடியில் விரித்து, கால் பகுதியைப் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டு, மேலே மற்றதையெல்லாம் அடுக்கி, கடைசியில் அந்தக் கால்களை மேலே போர்த்துங்கள். பேன்ட்டுக்கு முழங்காலில் கூர்மையான மடிப்பே வராது.

இதில் ஒளிந்திருக்கும் செலவு பெட்டியின் அளவு. மடிப்பு முறைக்குப் பெட்டி சரியாக நிறைந்திருக்க வேண்டும். பாதி காலியாக இருந்தால், சக்கரப் பெட்டியை நிமிர்த்தி நிறுத்திய அடுத்த நிமிடம் எல்லாம் சக்கரப் பக்கம் சரிந்து குவிந்துவிடும், நீங்கள் அரை மணி நேரம் செலவழித்து மடித்ததெல்லாம் அடியில் சேலைத் தலைப்பைச் சுருட்டி எறிந்ததுபோல் கிடக்கும். கனமான சாமானையும் ஷூவையும் சக்கரப் பக்கமே வையுங்கள், மிச்சமிருக்கும் இடைவெளியை சாக்ஸ், துண்டு எதையாவது வைத்து அடையுங்கள்.

ஒரே ஊரில் மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர், சட்டை, பட்டு, கோட்டு எல்லாம் கலந்து எடுத்துப்போகிறவர், இவர்களுக்கு மடிப்புதான்.

சுருட்டுவது

சுருட்டினால் இடம் மிச்சம், பார்த்ததும் எடுக்கலாம், மடிப்புக் கோடு விழாது. டீ-ஷர்ட், ஜீன்ஸ், பனியன், பின்னல் துணி, விளையாட்டு உடை, இவற்றுக்கு வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

நல்ல சட்டையைச் சுருட்டுவதுதான் வம்பு. சட்டை ஒரே தட்டைத் துணி இல்லை, காலர் ஒரு கனம், பட்டன் பட்டை ஒரு கனம், பக்கத் தையல் ஒரு கனம். சுருட்டும்போது வெளிச்சுற்று நீளமாகவும் உட்சுற்று குட்டையாகவும் இருக்கும், மெல்லிய துணியால் அந்த வித்தியாசத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் உள்ளே சின்னச் சின்னச் சுருக்கமாகக் குவிந்துகொள்ளும். பிரித்துப் பார்த்தால் பெரிய கோடு ஒன்றும் இருக்காது, ஆனால் சட்டை முழுக்க வாடின வெற்றிலை மாதிரி இருக்கும். மடிப்புக் கோட்டையாவது ஒரு இழுப்பில் தேய்த்துவிடலாம், இதற்கு முழுச் சட்டையையும் தேய்க்க வேண்டும்.

சுருட்டியே ஆக வேண்டும் என்றால் தளர்வாக, பட்டனை ஒன்று விட்டு ஒன்று போட்டு, உள்ளே ஒரு டீ-ஷர்ட்டை அச்சாக வைத்துச் சுருட்டுங்கள். முறுக்கிச் சுருட்டுவது ராணுவத்தாருக்குச் சரி.

ஒன்றைச் சுற்றி ஒன்று

இதற்குத் தமிழில் ஒரு பெயர் கிடையாது, நான் வெங்காயக் கட்டு என்று சொல்லிக்கொள்வேன். உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் போட்டு நிரப்பிய ஒரு மெத்தென்ற பை நடுவில். கோட்டை முதலில் கட்டிலில் விரித்து, அதன்மேல் சட்டைகளை ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று திசை மாற்றி விரித்து, அதன்மேல் பேன்ட், ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பை. பிறகு மேலிருந்து ஒவ்வொரு துணியாக அந்தப் பையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே வர வேண்டும். முதலில் விரித்த கோட்டு கடைசியில் வெளியே வரும், அதன் வளைவுதான் எல்லாவற்றிலும் பெரிது. எந்தத் துணிக்கும் கூர்மையான மடிப்பு கிடையாது, ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருப்பதால் பெட்டிக்குள் நகரவும் நகராது.

கசங்கலை மட்டும் பார்த்தால், பெட்டிக்குள் வைக்கும் வழிகளில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? நடுவில் இருக்கும் ஒரு பனியனை எடுக்க மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். விமான நிலையத்தில் பையைத் திறந்து சோதித்தால் போச்சு, சோதிப்பவர் அதைத் திரும்பக் கட்டித்தரப் போவதில்லை. நான்கு நாளில் நான்கு ஊர் போகிறவர் தினமும் ராத்திரி உட்கார்ந்து கட்ட வேண்டும், இரண்டாவது ராத்திரியிலேயே வெறுத்துவிடும், எனக்கு வெறுத்தது. ஒரு இடத்துக்குப் போய், இறங்கியதும் எல்லாவற்றையும் ஹேங்கரில் மாட்டிவிட்டு, கிளம்பும் நாளன்றுதான் மறுபடி பெட்டியைத் தொடுவேன் என்கிற பயணத்துக்கு மட்டும் இது.

கோட்டுப் பை

கார்மென்ட் பேக் என்று கடையில் கேட்டால் தருவார்கள். ஹேங்கரோடு கோட்டை உள்ளே மாட்டி, ஜிப் போட்டு, நடுவில் ஒரு மடிப்பு மடித்துத் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். காரில் போகிறவர் இதைப் பற்றி மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், வாங்கிப் பின்சீட்டுக் கொக்கியில் மாட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. ரயிலிலும் ஜன்னலோரக் கொக்கி கிடைத்தால் சௌகரியம்.

விமானத்தில்தான் கதை மாறுகிறது. பல விமான நிறுவனங்கள் கேபின் பைக்கு 55 செ.மீ. நீளம், 7 கிலோ எடை என்கிற கணக்கை ஒட்டியே நிற்கின்றன. மடித்த கோட்டுப் பை இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும், தாண்டாவிட்டாலும் உங்களுக்கு அனுமதித்த ஒரே பையாக அது எண்ணப்படலாம், அப்போது லேப்டாப்பும் மற்ற துணியும் எங்கே போகும்? உள்ளே தொங்கவிட ஒரு அலமாரி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இருந்தாலும் அது முன் வரிசைக்காரர்களுக்குத்தான். ஒரு தடவை நான் என் பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் அழகாக விரித்துப் படுக்கவைத்தேன். கடைசியில் ஏறிய ஒருவர் தன் சக்கரப் பெட்டியைத் தூக்கி அதன்மேலேயே சரியாக வைத்து, இடம் போதவில்லை என்று உள்ளங்கையால் இரண்டு தள்ளு தள்ளி மூடினார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இறங்கிப் பார்த்தபோது கோட்டின் முதுகில் குறுக்கே அவருடைய பெட்டிச் சக்கரம் இரண்டும் பதிந்திருந்தன, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தால்கூட அவ்வளவு கசங்கியிருக்காது.

இன்னொரு செலவு ஹேங்கர். சலவைக் கடைக் கம்பி ஹேங்கரோடு பையில் மாட்டினால் தோளில் கொம்பு முளைத்ததுபோல் மேடு விழும், கம்பளியில் அது லேசில் போகாது. தோள் அகலத்துக்குத் தகுந்த, முனை உருண்ட ஹேங்கர் வேண்டும், அது பையின் எடையையும் தடிமனையும் கூட்டும். பையின் அடியில் துணி போய்க் குவியாமல் இருக்க நடுவில் ஒரு வார் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செக்-இன்னில் கோட்டுப் பையை அனுப்புவது எனக்குத் தெரிந்து எந்தக் கணக்கிலும் லாபமில்லை, மென்மையான பை, மேலே எத்தனை பெட்டி ஏறும் என்று யாருக்குத் தெரியும். சரி, செக்-இன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்துகிற சர்வதேசப் பயணங்களில், பையிலோ உள்ளே இருக்கும் துணியிலோ சேதம் என்றால் பை கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், பை தாமதமாக வந்தால் வந்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. உங்கள் பெட்டியில் இருப்பது அதற்கு மேல் மதிப்புள்ளது என்றால், பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் கட்ட வழி உண்டு. சேதத்தை விமான நிலையத்திலேயே போட்டோ எடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால் அலைச்சல்தான்.

ஆக, காரில் போகிறவருக்கும், இறங்கியதும் நேரே மேடையேற வேண்டியவருக்கும் கோட்டுப் பை. மேடைக்காரர் கோட்டைப் போட்டுக்கொண்டே விமானத்தில் ஏறி, உட்காரும்போது கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய மடித்து மடியில் வைத்துக்கொண்டால் பையே வேண்டாம், அது வேறு விஷயம்.

க்யூபும் காற்றை வெளியேற்றும் பையும்

இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. பேக்கிங் க்யூப் வெறும் துணிப்பெட்டி, பெட்டிக்குள் அறை பிரிக்கிறது, அவ்வளவுதான். மடித்ததோ சுருட்டியதோ சரியாமல் பிடித்துவைக்கும், நான்கு நாளில் நான்கு ஊர் போகிறவருக்கு இது வரப்பிரசாதம். வாங்கும்போது ஜிப்பின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மறைப்புப் பட்டை இல்லாத ஜிப் மெல்லிய பட்டுத் துணியையும் பின்னல் துணியையும் ஒரே இழுப்பில் கவ்வி இழை உருவிவிடும்.

காற்றை உறிஞ்சியோ அழுத்தி உருட்டியோ வெளியேற்றும் பை, குளிர் ஜாக்கெட்டுக்கும் போர்வைக்கும் சரி. நல்ல சட்டைக்கும் கோட்டுக்கும் கொலை. எங்கெல்லாம் மடிப்பு விழுந்ததோ அங்கெல்லாம் சமமாக அழுத்தம், அதுவும் பல மணி நேரம். வெல்வெட்டை அதில் வைத்தால் ரோமம் படுத்துவிடும். அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று, இடம் சுருங்குகிறதே தவிர எடை குறைவதில்லை. பெட்டியில் இடம் இருக்கிறதே என்று மேலும் நாலு உருப்படி போட்டு, கவுன்டரில் எடை கூடிப் பணம் கட்டுவார்கள்.

துணியையே மாற்றுவது

இதை ஒரு வழியாகப் பலர் எண்ணுவதே இல்லை, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் கைகொடுத்தது. நூலை இறுக்கி முறுக்கி நெய்த கம்பளியில் கோட்டு, மெரினோ என்கிற மெல்லிய கம்பளிப் பின்னலில் ஸ்வெட்டர், கொஞ்சம் பாலியெஸ்டர் கலந்த பேன்ட், இவை பெட்டியில் எப்படிக் கிடந்தாலும் தொங்கவிட்ட ஒரு ராத்திரியில் ஆளாகிவிடும். அடர் நிறத்தில் கசங்கல் அவ்வளவாகத் தெரியாது, வெளிர் நிறத்தில் ஒன்றுக்கு மூன்றாகத் தெரியும். சின்னக் கட்டமோ நுண்ணிய நெசவு வடிவமோ உள்ள துணி, வெறும் ஒரே நிறத் துணியைவிட நிறைய மன்னிக்கும்.

இஸ்திரி வேண்டாத பருத்திச் சட்டை என்று விற்கிறார்களே, அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த நாரின் மூலக்கூறுகளை ரெசின் என்கிற ரசாயனப் பூச்சு போட்டுக் குறுக்கே கட்டிப்போட்டிருப்பார்கள், கசங்காததற்கு அதுதான் காரணம், அதனாலேயே நார் விறைத்து வலுவும் கொஞ்சம் குறையும். காலர் மடிப்பிலும் கை நுனியிலும் சாதாரணப் பருத்தியைவிடச் சீக்கிரம் நைந்துபோகும், வேர்வையையும் அவ்வளவாக வாங்காது. மாதம் ஐந்தாறு பயணம் போகிறவருக்கு அப்படியும் லாபம்தான் என்பது என் எண்ணம், தினமும் ஓட்டலில் இஸ்திரி போட்டுக் கெடுப்பதைவிட இது மெதுவாகத்தான் கெடும்.

லினன் மட்டும் இந்தக் கணக்கில் வராது. எப்படி வைத்தாலும் கசங்கும், உடுத்தின பத்தாவது நிமிடம் எப்படியும் கசங்கியிருக்கும். கசங்கலோடு அதை ரசிக்கத் தெரிந்தவர் எடுத்துப்போகலாம், மற்றவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு இன்னொரு வழியும் உண்டு, ஒரு கோட்டையும் இரண்டு சட்டையையும் அங்கேயே அலுவலகத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ விட்டுவிடுவது. பெட்டியே வேண்டாம். ஆனால் துவைத்துவிட்டுத்தான் விட வேண்டும், கம்பளியை அழுக்கோடு மூன்று மாதம் இருட்டில் விட்டால் அந்துப்பூச்சிக்குப் படையல்.

இறங்கிய பிறகு

எந்த வழியில் கொண்டுபோனாலும் கணக்கு இங்கேதான் முடியும். அறைக்குள் நுழைந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து தொங்கவேண்டியதைத் தொங்கவிடுங்கள், அதன் பிறகு டீ குடிக்கலாம். அந்த ஒரு மணி நேரம் முன்பின் ஆவதில் கம்பளிக்குப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள், மூட்டைப்பூச்சி ஊர் மாறுவது பெட்டியில்தான்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் கோட்டைத் தொங்கவிடும் வித்தையை எல்லோரும் சொல்வார்கள். கம்பளிக்கு நிஜமாகவே வேலை செய்யும். பருத்திச் சட்டைக்கு அந்த ஆவி போதாது, அழுத்தமும் சூடும் சேர்ந்தால்தான் பருத்தி வழிக்கு வரும், ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் வீணாகும், சட்டை ஈரமாகி அப்படியே கசங்கி நிற்கும்.

கைக்கு அடக்கமான ஸ்டீமர் கம்பளிக்கும் மெல்லிய துணிகளுக்கும் இஸ்திரியைவிட நூறு மடங்கு நல்லது, நாரை நசுக்காது. பட்டுக்கு என்றால் உள்பக்கத்தைத் திருப்பி, தள்ளிப் பிடித்து, முதலில் வரும் சொட்டுகளை வாஷ் பேசினில் விட்டுவிட்டுத்தான். வாங்கும்போது வோல்டேஜைப் பாருங்கள், 110 வோல்ட் நாட்டிலும் 220–240 வோல்ட் நாட்டிலும் ஓடுகிற இரட்டை வோல்டேஜ் இல்லாவிட்டால் ஒன்று சூடேறாது, இல்லை எரிந்துபோகும். எடை இன்னொரு ஜோடி செருப்பளவு இருக்கும், 7 கிலோ கணக்கில் அது சின்ன விஷயமில்லை.

ஓட்டல் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டே ஆகவேண்டுமென்றால், துணியில் உள்ள குறியைப் பாருங்கள். ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி நடுத்தரச் சூடு, மூன்று புள்ளி அதிகச் சூடு, இதுதான் மேல் வரம்பு. தண்ணீர் ஊற்றிச் சூடான பிறகு, உங்கள் துணியில் வைக்கும்முன் ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வைத்து ஆவி பட்டனை நாலைந்து முறை அழுத்திவிடுங்கள். ஒரு தடவை நான் அழுத்தாமல் நேரே தந்த நிறச் சட்டையில் வைத்துவிட்டேன், அடியில் இருந்த ஓட்டையிலிருந்து காவித்தண்ணீர் ஒரு சொட்டு, பட்டன் பட்டைக்குப் பக்கத்தில், டை போட்டாலும் மறையாத இடத்தில். கோட்டு என்றால் நடுவில் ஒரு பருத்தித் துணியைப் போட்டே தேயுங்கள், அதுவும் ஒட்டுப்பசை வைத்துத் தைத்த கோட்டில் சூடு கூடினால் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அது பிறகு படியாது.

திரும்பி வரும் பெட்டி

போகும்போது டிஷ்யூ பேப்பர் வைத்து மடித்த அதே ஆள் திரும்பும்போது எல்லாவற்றையும் அமுக்கி முழங்காலால் அழுத்தி ஜிப் போடுவார். சேதத்தில் பாதி இந்தப் பயணத்தில்தான் நடக்கிறது. உடுத்தின துணியில் வேர்வை இருக்கிறது, மூடிய பெட்டியில் காற்று இல்லை, பக்கத்தில் உடுத்தாத பட்டு இருக்கிறது. உடுத்தினதைப் பருத்திப் பையில் தனியாகக் கட்டுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். கோட்டை முடிந்தால் கிளம்பும் முன் ஓரிரு மணி நேரமாவது ஜன்னலோரம் தொங்கவிட்டு ஆறவிடுங்கள், நேரமில்லையென்றால் உள்பக்கம் வெளியே புரட்டிக் கடைசியாக மேலே வையுங்கள். ஷாம்பு பாட்டிலை எப்போதும் பெட்டியின் மற்றப் பாதியில். வீட்டுக்கு வந்த ராத்திரி எவ்வளவு அசதி என்றாலும் பெட்டியைத் திறந்து கம்பளியையும் பட்டையும் மட்டுமாவது வெளியே எடுத்து மாட்டிவிட்டுப் படுங்கள், மிச்சம் காலையில்.